போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் டிரிகர் இழுப்பைச் சீராக்குவது

முதல் நான்கு வருடம் என் ரைஃபிளின் டிரிகரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடினமாக இருக்கிறது. அளந்து பார்த்த அன்று 2.9 கிலோ காட்டியது. துப்பாக்கியின் எடையே ஸ்கோப்போடு சேர்த்து 3.7 கிலோதான். துப்பாக்கியின் எடையில் முக்கால் பங்குக்கும் மேலான இழுப்பை ஒற்றை விரல் கொடுக்கும்போது, துப்பாக்கி அசையாமல் இருக்க மற்ற விரல்கள், உள்ளங்கை, தோள் எல்லாமே அதை எதிர்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இறுக்கம்தான் குண்டை இழுத்துக்கொண்டு போகிறது. மூட்டையில் சாய்த்து வைத்துச் சுட்டால் கையளவில் விழுந்த குண்டுகள், மண்டியிட்டுச் சுட்டால் முறத்தளவுக்குச் சிதறும்.

இப்போது அதே ரைஃபிள் 1.5 கிலோவில் விடுபடுகிறது. இரண்டு வார இறுதிகள் செலவாயின. அதில் திருகாணியைத் தொட்டது கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும். மீதி நேரம் அளப்பதிலும், துப்பாக்கியின் இரும்புப் பகுதியைத் தாங்கும் கட்டையைப் பார்ப்பதிலும், கழுவுவதிலும், சோதிப்பதிலும் போனது. இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். பலரும் முதல் நாளே திருகாணியைத் திருப்ப ஆலன் கீயை எடுத்துவிடுகிறார்கள்.

ஆரம்பிக்கும் முன்பு: மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்) திறங்கள், சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டும் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். ஒரே மேசையில் தோட்டாவும் திறந்த டிரிகரும் இருக்கவே கூடாது. இடையில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், திரும்பி வந்ததும் மறுபடி சேம்பரைப் பாருங்கள். குழல் வாய் எப்போதும் குண்டு போனாலும் யாருக்கும் கேடு வராத திசையில் இருக்கட்டும். டிரிகரைத் தொடுவது சில நாடுகளில் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் மட்டும் செய்யக்கூடிய வேலை. உங்கள் இடத்துச் சட்டத்தையும் துப்பாக்கியோடு வந்த கையேட்டையும் முதலில் படித்துவிடுங்கள்.

"டிரிகர் மோசம்" என்று நாம் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. விரலை வைத்ததும் தடையில்லாமல் ஓடும் தளர்வு ஒன்று. அடுத்தது கிரீப், அதாவது தடை தொடங்கிய பிறகும் விடுபடாமல் கரகரவென்று ஊர்ந்து ஊர்ந்து நகர்வது. விடுபடும் கணம் தெளிவாக இருக்கிறதா, மழுங்கலாக இருக்கிறதா என்பது மூன்றாவது. விடுபட்ட பிறகும் டிரிகர் பின்னால் ஓடுவது ஓவர்டிராவல். இவற்றுக்குப் பிறகுதான் எடை. எடையைவிடக் கிரீப்தான் மனதைக் கலைக்கிறது என்பது என் அனுபவம். தெளிவாக முறியும் 2 கிலோ டிரிகரோடு நன்றாகச் சுடலாம். கரகரக்கும் 1.3 கிலோவோடு சுடுவது சிரமம், ஏனென்றால் ஒவ்வொரு கரகரப்பிலும் "இதோ, இப்போது" என்று உடம்பு எதிர்பார்த்துச் சுருங்குகிறது.

எல்லாத் தளர்வும் குறையல்ல. மௌசர் 98ன் ராணுவ டிரிகர் இரண்டு கட்டமாக இயங்கும்படியே செய்யப்பட்டது. டிரிகரின் மேல்பக்கத்தில் இரண்டு மேடுகள் இருக்கும். முதல் மேடு சியரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் துண்டை, பெரும்பகுதி கீழே இறக்கிவிடும், அங்கே ஒரு சுவர் தட்டுப்படும், அப்புறம் இரண்டாவது மேடு மீதியை முடிக்கும். அந்த நீண்ட முதல் கட்டத்தைக் குறை என்று நினைத்து ராவி எடுத்துவிட்டால், போல்ட்டை வேகமாக மூடும்போது சியரைப் பிடித்து வைத்திருக்கும் பிடிமானம் போய்விடும். பழைய மௌசர் கையில் இருந்தால் அந்தச் சுவரைப் பழகிக்கொள்ளுங்கள். பழகியவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது.

இனி அளவு. டிரிகர் கேஜ் இருந்தால் நல்லது. கொக்கியை டிரிகர் வளைவின் நடுவில் மாட்டி, குழலுக்கு இணையாக, நேராகப் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். நுனியில் மாட்டினால் எடை குறைவாகவும், மேலே மாட்டினால் அதிகமாகவும் காட்டும். நெம்புகோல் கணக்குதான். கேஜ் இல்லையென்றால் நான் முதலில் செய்ததைச் செய்யுங்கள். ஒரு தடித்த கம்பியை, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தாண்டித் தொங்கும் நீளத்துக்கு வெட்டி, மேல்முனையைக் கொக்கியாக வளைத்து, கீழ்முனையில் பாட்டிலைக் கட்டுங்கள். காலித் துப்பாக்கியைக் குழல் மேலே பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்து, கொக்கியை டிரிகரில் மாட்டி, கம்பி கட்டையில் உரசாமல் மெல்லத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழுந்தும் டிரிகர் விடுபடவில்லை என்றால் இழுப்பு அந்த எடையைவிட அதிகம். நூறு நூறு மில்லியாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதோடு பாட்டிலும் கம்பியும்.

கேஜ் வைத்திருப்பவர்கள் பத்து முறை அளந்து பத்தையும் எழுதுங்கள். சராசரியைவிட, பத்துக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். என்னுடையது 2.5 முதல் 3.3 வரை ஆடியது. இப்படி ஆடும் டிரிகரில் திருகாணியைத் திருப்பிப் பயனில்லை. உள்ளே அழுக்கு இருக்கும், அல்லது எதுவோ உரசும். இரண்டையும் தீர்த்த பிறகுதான் உண்மையான எடை என்னவென்றே தெரியும்.

உரசலைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கட்டையிலிருந்து இரும்புப் பகுதியைக் கழற்றி, தனியாக வைத்து டிரிகரை மறுபடி அளங்கள். தனியாக இருக்கும்போது ஒரு எடை, கட்டையில் பூட்டியதும் வேறு எடை என்றால் கட்டைதான் காரணம். மரக்கட்டை ஈரக்காற்றில் உப்பும். டிரிகர் நுழையும் பள்ளத்தின் ஓரம் மெல்ல நெருங்கி வந்து, டிரிகரின் பக்கத்தையோ சேஃப்டியின் கரத்தையோ தொடும். சில துப்பாக்கிகளில் அடியிலுள்ள டிரிகர் கார்டே கோணலாகப் பூட்டப்பட்டு டிரிகர் நுனியை உரசும். மரத்தில் பளபளவென்று ஒரு தடம், அல்லது டிரிகர் பக்கவாட்டில் தேய்ந்த வெள்ளிக் கீறல் தெரியும். சந்தேகம் இருந்தால் டிரிகரின் பக்கங்களில் பென்சில் கரியைத் தடவி, பூட்டி, நாலைந்து முறை இழுத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். கரி ஒட்டிய இடத்தில் மெல்லிய உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி மரத்தைக் கொஞ்சம் இழைத்தால் போதும். இழைத்த இடத்தில் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் வெறும் மரம் ஈரத்தைக் குடித்து மறுபடி உப்பும். என் துப்பாக்கியில் இடதுபுறம் ஒரு நெல்மணி அளவுக்குத்தான் உரசல் இருந்தது. அதை எடுத்ததும் பத்து அளவுகளின் ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

அடுத்தது அழுக்கு. இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்யும்போது வழியும் கரைசல் நேராக டிரிகர் பெட்டிக்குள் இறங்குகிறது. போல்ட்டுக்கு விடும் எண்ணெயும் அங்கேதான் போய்ச் சேரும். துப்பாக்கியைச் செங்குத்தாகப் பெட்டியில் நிறுத்தி வைத்தால் குழலில் உள்ள எண்ணெயும் மெல்ல இறங்கி வரும். அங்கே அது தூசியையும் கரிப்புகையையும் சேர்த்துக்கொண்டு, ஆறிய பாகுபோலக் கெட்டியாகிவிடும். வெப்பத்தில் இது தெரியாது. குளிரில் அந்தப் பாகு இறுகினால் டிரிகர் தன் இடத்துக்குத் திரும்பி வராது. போல்ட்டை மூடும்போது சியரைத் தாங்க அங்கே ஆள் இருக்காது. அப்படி ஒரு துப்பாக்கி போல்ட்டை மூடியதும் வெடிக்கலாம். எடை, கிரீப் எல்லாம் இருக்கட்டும், இந்த ஒரு காரணத்துக்காகவே வருடம் ஒருமுறை டிரிகரைக் கழுவ வேண்டும்.

கழுவுவதற்குப் படிவு விடாமல் ஆவியாகும் திரவம் வேண்டும். நான் லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவைப் பயன்படுத்துகிறேன். திறந்தவெளியில், அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல். கட்டையிலிருந்து கழற்றிய இரும்பைத் தலைகீழாகப் பிடித்து, டிரிகர் பெட்டியின் மேலிருந்தும் பக்கத் துளைகளிலிருந்தும் ஊற்றி, டிரிகரையும் சேஃப்டியையும் அசைத்து, மறுபடி ஊற்றி, வெளியே வரும் திரவம் தெளியும்வரை செய்யுங்கள். எனக்கு முதல் முறை தேநீர் நிறத்தில் வந்தது. ஏழாவது முறை தெளிந்தது. பெட்டியைப் பிரிக்கவே தேவையில்லை, பிரிக்கவும் கூடாது. அரைநாள் காயவிடுங்கள். அப்புறம் உள்ளே எண்ணெய் விடாதீர்கள். துருவுக்குப் பயமாக இருந்தால் உலர்ந்து படியும் வகை மசகில் ஒரு துளி போதும். ஸ்ப்ரே கேனைப் பெட்டிக்குள் நீட்டி அழுத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இனிமேல் குழலைத் துடைக்கும்போது போர் கைடு (கரைசல் பின்னால் வழியாமல் தடுக்கும் குழாய்) ஒன்றைப் போட்டு, குழல் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைத்துத் துடையுங்கள்.

உரசலும் அழுக்கும் போன பிறகு மறுபடி அளந்தேன். 2.9 ஆக இருந்தது 2.3 ஆகியிருந்தது. கரகரப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஒரு திருகாணியும் திருப்பாமல் கிடைத்த பலன் இது.

திருகாணிக்கு வருவோம். முதலில், உங்கள் டிரிகர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1936ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70ன் பழைய டிரிகர் நாலைந்து துண்டுகள் மட்டும் கொண்ட, திறந்த அமைப்பு. அழுக்கு தங்க இடமே குறைவு. 2002ல் சாவேஜ் கொண்டுவந்த அக்யூட்ரிகரில் டிரிகருக்குள்ளேயே ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதை விரல் அழுத்தாதவரை சியர் முழுதாக விடுபடாது. அதனால்தான் அதில் எடையைத் தைரியமாகக் குறைக்க முடிகிறது, அதற்கான கருவியும் கூடவே வருகிறது. 1962 முதல் வரும் ரெமிங்டன் 700ன் பழைய டிரிகரில் மூன்று திருகாணிகள்: முன்பக்கம் கீழே இருப்பது எடைக்கு, மேலே இருப்பது ஓவர்டிராவலுக்கு, பின்னால் இருப்பது சியர் பிடிமானத்துக்கு. பழைய துப்பாக்கியாக வாங்கியிருந்தால் அதன் டிரிகர் திரும்ப அழைக்கப்பட்ட வகையா என்று தொடர் எண்ணை வைத்துப் பாருங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ டிரிகர்களை ரெமிங்டன் 2014ல் திரும்ப அழைத்தது. உள்ளே பூசிய ஒட்டுப் பசை கூடிப்போனால் தானாக வெடிக்கும் வாய்ப்பு இருந்ததுதான் காரணம். பசை ஒரு சொட்டு கூடினாலே அவ்வளவு தூரம் போகும் இடம் அது.

எடைத் திருகாணியை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்புவதற்கு முன் அது இருந்த நிலையைப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் ஐந்து அளவுகள். வேட்டைக்கு 1.4 முதல் 1.8 கிலோ, அதாவது 3 முதல் 4 பவுண்டு, போதும் என்பது என் முடிவான கருத்து. கையேடு அதற்கு மேல் ஒரு குறைந்தபட்ச எண் சொன்னால் கையேடு சொல்வதே எல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தாளைச் சுடுபவருக்கு அரைக் கிலோ டிரிகர் வசதியாக இருக்கலாம். நமக்கு மலையேறி மூச்சு வாங்கும், விரல் மரத்துப் போயிருக்கும், கையுறை இருக்கும். அந்த விரலுக்கு டிரிகரைத் தொட்டுவிட்டோமா என்றே தெரியாது.

இலேசானால் ஏன் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். எடைத் திருகாணி அழுத்தும் அந்தச் சிறு ஸ்பிரிங், இழுப்பைக் கடினமாக்குவதற்காக மட்டும் இல்லை. சுட்ட பிறகு டிரிகரைச் சியருக்கு அடியில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதும் அதே ஸ்பிரிங்தான். அதைத் தளர்த்தத் தளர்த்த, டிரிகர் திரும்பி வரும் வேகமும் உறுதியும் குறைகிறது. முதல் முறை ஆசையில் 0.7 கிலோ வரை இறக்கினேன். கண்ணாடி உடைவதுபோல அவ்வளவு அழகாக விடுபட்டது. சோதிக்கலாம் என்று போல்ட்டை வேகமாக அடித்து மூடினேன். ஆறு முறை ஒன்றும் இல்லை. ஏழாவது முறை, டிரிகரில் விரலே இல்லாமல், உள்ளே "டக்" என்று ஃபயரிங் பின் விழுந்தது. சேம்பர் காலி, தோட்டாக்கள் அடுத்த அறையில். ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ஆறு முறையோடு சோதனையை நிறுத்தியிருந்தால் அந்தத் துப்பாக்கியோடு நண்பர்களுக்கு நடுவே நடந்து போயிருப்பேன்.

ஓவர்டிராவல் திருகாணியை டிரிகர் விடுபடாத அளவுக்கு உள்ளே செலுத்தி, பிறகு விடுபடும்வரை வெளியே எடுத்து, அதற்கு மேல் இன்னொரு கால் சுற்று வெளியே விடுங்கள். ஒட்ட வைத்தால் ஒரு தூசி போதும், டிரிகர் விடுபடாமல் போகும். சியர் பிடிமானத் திருகாணியைத் தொடாதீர்கள். கிரீப்பைக் குறைப்பது அதுதான் என்று தெரிந்தே சொல்கிறேன். அது இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு ஏறி நிற்கின்றன என்பதைத் தீர்மானிக்கிறது, அந்த அளவு மில்லிமீட்டரின் பகுதிகளில் இருக்கிறது. கண்ணால் பார்த்து அமைக்க முடியாது. அதேபோல சியரைக் கல்லில் தேய்த்து மெருகேற்றலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல சியர்களில் கடினமாக்கிய எஃகு மேல்தோல் மட்டும்தான், அதன் அடியில் இருப்பது மென்மை. தோலைத் தேய்த்துவிட்டால் முதல் மாதம் அருமையாக இருக்கும், பிறகு விளிம்பு மழுங்கிக்கொண்டே வரும். கோணமும் ஒரு மயிரிழை மாறினால் பிடிமானம் நழுவும். அந்த வேலை அதற்கான பிடிப்புக் கருவியும் உருப்பெருக்கியும் வைத்திருக்கும் மெக்கானிக்குடையது.

இப்போது சோதனை. கட்டையில் பூட்டி, ஸ்க்ரூக்களைச் சரியான முறுக்கத்துக்கு இறுக்கிய பிறகுதான் செய்ய வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதே அளவு மாறலாம். சேம்பர் காலி என்று மறுபடி பாருங்கள். போல்ட்டை உங்களால் முடிந்த பலத்தோடு இருபது முறை அடித்து மூடுங்கள். ஒரு முறை ஃபயரிங் பின் விழுந்தாலும் தோல்வி. அடுத்து, காக் செய்து (போல்ட்டை இயக்கிச் சுடத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து), சேஃப்டி போட்டு, டிரிகரை நன்றாக அழுத்தி விட்டுவிட்டு, கையை எடுத்த பிறகு சேஃப்டியைத் தள்ளுங்கள். அந்தக் கணத்தில் ஃபயரிங் பின் விழுந்தால் தோல்வி. பிறகு டிரிகரை இழுத்தால் விழ வேண்டும், விழாவிட்டாலும் தோல்வி. இதைப் பத்து முறை செய்யுங்கள். கடைசியாக, சேஃப்டி எடுத்த நிலையில், அடிக்கட்டையை ரப்பர் விரிப்பின் மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டுங்கள், போல்ட்டின் பின்பக்கத்திலும் பக்கங்களிலும் ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். எதில் தோற்றாலும் எடையை எட்டில் ஒரு சுற்று ஏற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். ஏற்றியும் தோற்றால் அந்தத் துப்பாக்கி சுடுவதற்கு உரியதல்ல, மெக்கானிக்கிடம் போகட்டும். எல்லாம் தேறினால் திருகாணித் தலைகளின் வெளிவிளிம்பில் மட்டும் நகப்பூச்சு ஒரு பொட்டு வையுங்கள். நகர்ந்தால் பூச்சு விரிந்து காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் டிரிகர் திருப்தி தரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். டிம்னி, டிரிகர்டெக், ஜூவெல் போன்றவை முழுப் பெட்டியாகவே வருகின்றன. பெரும்பாலான துப்பாக்கிகளில் இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்துப் பூட்டும் வேலைதான், ஆனால் போல்ட் ஸ்டாப்பின் (போல்ட் கழன்று வராமல் தடுக்கும் துண்டு) சிறு ஸ்பிரிங் துள்ளி ஓடும், அதனால் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். புது டிரிகருக்கும் மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் உண்டு.

விரலையும் பழக்க வேண்டும். சென்டர்ஃபயர் ரைஃபிளில், அதாவது ஃபயரிங் பின் தோட்டாவின் நடுவில் அடிக்கும் வகையில், ஸ்னாப் கேப் (பயிற்சிக்கான போலித் தோட்டா) போட்டு, குழலின் முன்னால் மேலே ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிகரை விடுவிக்கப் பழகுங்கள். விரல் நுனித் தசையின் நடுப்பகுதி டிரிகரில் படட்டும், முதல் மூட்டின் மடிப்பு அல்ல. விடுபட்ட பிறகும் விரலைப் பின்னாலேயே வைத்து இரண்டு எண்ணுங்கள். நான் தினமும் இரவு பத்து முறை செய்கிறேன், அதற்கு மேல் செய்தால் கவனம் சிதறுகிறது. தோட்டாவின் விளிம்பில் அடிக்கும் ரிம்ஃபயர் துப்பாக்கியில் காலியாக இப்படிச் செய்யாதீர்கள், ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பில் அடித்துத் தடம் விழலாம்.

பின்பு ரேஞ்சுக்குப் போய் 100 மீட்டரில் மூன்று மூன்று குண்டாக ஜீரோவை, அதாவது ஸ்கோப் காட்டும் புள்ளியில் குண்டு விழுகிறதா என்பதை, சரிபாருங்கள். டிரிகர் மாறினால் குண்டு விழும் இடமும் சற்று மாறுவது சகஜம். எனக்கு வலமிருந்து இடமாக மூன்று விரற்கடை நகர்ந்தது. நான் இத்தனை காலம் டிரிகரோடு சேர்த்துத் துப்பாக்கியையே இழுத்துக்கொண்டிருந்தேன், ஸ்கோப்பை அதற்கேற்பத் திருகியும் வைத்திருந்தேன். துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: தேதி, பத்து அளவுகள், அன்றைய வெப்பநிலை. ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் ஒரு வரி சேர்கிறது. போன தடவை 1.5 இருந்தது 1.7 ஆகியிருந்தது, திருகாணியின் நகப்பூச்சு அப்படியே இருந்தது. நாஃப்தா ஊற்றிக் கழுவினேன், 1.5க்கு வந்தது.